கணக்கு நோட்டுக்கு அட்டை போட்ட படம்

போன மாதம் லண்டனிலிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. சுங்க வரிப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட தபால்காரர், "ஐயா, மருந்துங்களா?" என்று கேட்டார். இந்த வயதில் ஒருவனுக்கு வெளிநாட்டிலிருந்து வேறென்ன வரும்? "இல்லப்பா, படம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிரித்தேன். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு தாள். நம் வயதுக்காரர்கள் யாருக்கும் அறிமுகம் தேவையில்லாத இரும்புக்கை மாயாவியின் ஒரு பக்கம். அச்சடித்த பக்கம் இல்லை. அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஓவியர் தன் கையால் மை தொட்டு வரைந்த அசல் பக்கம். ஏலத்தில் எடுத்தேன்.

"முப்பத்தாறு வருசம் ஏலக்காய் ஏலத்துல உக்காந்துட்டு வந்த மனுசன், கடைசியில காகிதத்த ஏலம் எடுத்திருக்காரு" என்று என் மனைவி மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு என்று கேட்டாள். கணக்கர் பொய் சொல்லக்கூடாது. ஏல விலை, அதன் மேல் கமிஷன், தபால், வரி எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் என்றேன். அன்று மதியம் ரசம் மட்டும்தான்.

ஏன் எடுத்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

நான் வடுகபட்டிக்காரன். கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். பூண்டுச் சந்தை என்றால் வியாபாரிகளுக்குத் தெரியும். கொடைக்கானல் மலையிலிருந்து பூண்டு மூட்டை இறங்கும் ஊரில் பிறந்தவனுக்கு விலை பேசும் சத்தம் தாலாட்டு மாதிரி. வேலைக்குப் போனதும் அதே சத்தத்துக்குள்தான். போடியில் ஒரு ஏலக்காய் ஏலக் கம்பெனியில் கணக்கர். 1982-இல் சேர்ந்து 2018-இல் ஓய்வு. மாதிரிக் காயைத் தட்டில் வைத்துச் சுற்றுக்கு விடுவார்கள். வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்த்து, உரித்து, முகர்ந்து, பிறகு கிலோவுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். பிற்பாடு எல்லாம் கணினிக்குப் போய்விட்டது. கூப்பாடு போய்ப் பொத்தான் வந்தது. அத்தனை வருடம் மற்றவர்கள் கேட்ட விலையை எழுதினேனே தவிர, எனக்கென்று ஒரு நாளும் கை தூக்கியதில்லை.

இனி கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது நான் ஏழாம் வகுப்பு. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பெரியகுளம் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்க மூன்று பேர் காசு சேர்ப்போம். யார் முதலில் படிப்பது என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். பிறகு லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ, வேதாளர். வீட்டில் தினத்தந்தி வாங்காதவர்கள்கூட டீக்கடையில் கன்னித்தீவை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போன காலம். இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து வரைகிறார் என்ற எண்ணமே எங்களுக்குக் கிடையாது. மழை மாதிரி, அதுபாட்டுக்கு வருகிறது என்று நினைத்தோம்.

அந்த நினைப்பைக் கலைத்தவர் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு அண்ணன். பெயரை எழுதவில்லை. பெயிண்டர் அண்ணன் என்றுதான் ஊரே கூப்பிடும். கடைப் பலகை, லாரி நெற்றி, தேர்தல் சமயத்தில் சுவர் எல்லாம் எழுதுவார். ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு சிவகாசியிலிருந்து வந்த ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் படக்கதை வரைவார். பெரிய அட்டையில் முதலில் பென்சில், அதன் மேல் தொடு பேனா, பிறகு நிழலுக்குப் பிரஷ். தப்பு வந்தால் வெள்ளைப் பூச்சு. அச்சாகும்போது படம் சின்னதாகிவிடும் என்பதால் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைய வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீலப் பென்சிலால் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். அது கேமராவில் விழாதாம். மாதம் ஒரு தடவை அட்டைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் விரட்ட மாட்டார். "மூச்சு மட்டும் மெதுவா விடுடா, மை காயல" என்பார்.

1974-இல் ஒரு நாள் ஒரு பக்கம் அவருக்கே திரும்பி வந்துவிட்டது. கதையில் ஒரு பையன் பூண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறான். மூன்றாவது கட்டத்தில் மூட்டை வலது தோளில். நாலாவதில் இடது தோளில். வேறு வரைந்து அனுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "நடுவுல தோள் மாத்திருக்கக் கூடாதாடா? மூட்டை தூக்குனவனுக்குத் தெரியும்" என்றார். புதிதாக வரைந்து அனுப்பிவிட்டு, பழைய பக்கத்தை எனக்குக் கொடுத்தார்.

வசனம் வரும் பலூன்கள் எல்லாம் காலி. எழுத்தெல்லாம் சிவகாசியில்தான் வைப்பார்கள். "இவங்க என்னண்ணே பேசுறாங்க?" என்றேன். "நீயே எழுதிக்க" என்றார். எழுதினேன். பென்சிலால், என் கோழிக்கிறுக்கல் கையெழுத்தில்.

அதை என்ன செய்தேன் தெரியுமா? ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டேன். பிரவுன் தாள் வாங்கக் காசு இல்லை. இது நல்ல கெட்டித் தாள். வாத்தியார் படம் பார்த்தால் முட்டி பெயர்த்துவிடுவார் என்று படத்தை உள்பக்கமாக மடித்து, வெளியே தெரிந்த வெள்ளைப் பக்கத்தில் பெயர், வகுப்பு, பிரிவு எழுதினேன். பரீட்சை முடிந்ததும் எல்லா நோட்டையும் எடைக்குப் போட்டேன். கிடைத்த காசில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு காமிக்ஸ் வாங்கினோம் என்பதுதான் இதில் கொடுமை.

பிறகு முப்பது வருடம் அது எனக்கு ஞாபகமே இல்லை.

2004 வாக்கில் பெயிண்டர் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். பிளெக்ஸ் போர்டு வந்து பலகை எழுதும் வேலை போய்விட்டது. கையும் நடுங்க ஆரம்பித்திருந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஊர்க் கதை பேசிவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஒனக்கு ஒரு படம் குடுத்தேனே, இருக்கா? நான் வரஞ்சது ஒண்ணுகூட எங்கிட்ட இல்லப்பா. குடுத்ததெல்லாம் திரும்பி வரல. பேத்திகிட்ட, தாத்தா படக்கதை வரஞ்சவன்டீன்னு சொன்னா, பொய் சொல்லாத தாத்தாங்குறா."

எடைக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பத்திரமா இருக்குண்ணே. பரண்ல இருக்கும். தேடி எடுத்துட்டு வர்றேன்" என்றேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் அந்தத் தெருக்கோடி வழியாகப் போவதை விட்டேன். பஸ்ஸுக்குச் சுற்றிப் போனேன். எட்டு மாதத்தில் அவர் போய்விட்டார். துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி, "ஒங்ககிட்ட படம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருப்பா" என்றார்கள். தலையை ஆட்டினேன்.

என் மனைவிக்கு இந்தக் கதை அன்றைக்குத்தான் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பேப்பரில் ஒரு செய்தி. டின்டின் கதைகளை வரைந்த பெல்ஜியம் நாட்டு ஹெர்ஜே, 1936-இல் ஒரு புத்தகத்துக்கு அட்டைப் படம் வரைந்தார். அந்த வண்ணங்களை அச்சடிக்கச் செலவு அதிகம் என்று அந்தப் படம் ஒதுக்கப்பட்டது. பதிப்பாளரின் ஏழு வயது மகனுக்கு அதைக் கொடுத்தாராம். பையன் அதை மடித்து மேஜை டிராயரில் போட்டான் என்று ஏலக் கம்பெனி சொன்னது. மடிப்புக் கோடுகளோடு அந்தத் தாள் 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் பணத்தில் ஏறக்குறைய 28 கோடி. அடுத்த வருடமே அமெரிக்காவில் ஸ்பைடர்மேன் கதையின் ஒரே ஒரு உள்பக்கம் 33 லட்சம் டாலரைத் தாண்டியது.

எனக்குக் கோடிக் கணக்கு மனதில் நிற்கவில்லை. மடிப்புக் கோடுதான் நின்றது. அங்கேயும் வேண்டாம் என்று ஒதுக்கிய படம், இங்கேயும் அப்படித்தான். அங்கேயும் ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பையன் மடித்து உள்ளே வைத்தான். நானும்தான் மடித்தேன்.

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். இரும்புக்கை மாயாவி 1962-இல் லண்டனின் வேலியண்ட் என்ற வார இதழில் வந்த கதை. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசுஸ் பிளாஸ்கோ. 1919-இல் பிறந்து 1995-இல் இறந்தவர். அந்த இதழில் ஓவியர் பெயரே போட மாட்டார்களாம். அறுபது வயது தாண்டித்தான் அவர் பெயர் எனக்குத் தெரிந்தது. அந்தக் கால பிரிட்டிஷ் கம்பெனிகள் அசல் பக்கங்களை ஓவியருக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. எத்தனையோ குப்பைக்குப் போயின. அமெரிக்காவிலும் அதே கதைதான். ஜாக் கிர்பி என்ற பெரிய ஓவியர் வருடக்கணக்கில் சண்டை போட்டு, 1987-இல்தான் மார்வெல் கம்பெனியிடமிருந்து தான் வரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரைந்தவருக்குக் கிடைத்தது சுமார் இரண்டாயிரம். பெயிண்டர் அண்ணன் "திரும்பி வரல" என்று சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் ஊர்ச் சிறுவர் பத்திரிகை அசல் ஏதாவது ஏலத்துக்கு வருகிறதா என்று இரண்டு வருடம் பார்த்தேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரைந்த சங்கர், ஏறக்குறைய அறுபது வருடம் ஒரே பத்திரிகைக்கு வரைந்தவர், 2020-இல் காலமானார். மறு வருடம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரையே அவ்வளவு தாமதமாக நினைத்த நாட்டில், பலகை எழுதிய பெயிண்டரின் பக்கத்தை யார் வைத்திருக்கப் போகிறார்கள்? பழைய முத்து காமிக்ஸ் புத்தகத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. அதை வரைந்த தாள் எங்கே என்று கேட்க ஆள் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் லண்டன் ஏலம் ஒன்றில் பிளாஸ்கோவின் பக்கம் ஒன்று வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகள் கணினியில் பதிவு செய்து கொடுத்தாள்.

ஏலத்தில் ஒரு விதி உண்டு. என்னிடம் வேலை பழகிய பையன்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். உட்காரும் முன்னால் உன் விலையைத் தாளில் எழுதிப் பையில் வை. எதிராளி மூஞ்சியைப் பார்த்து விலை ஏற்றாதே. ரோஷத்தில் ஏற்றிய வியாபாரிகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். நானும் 200 பவுன் என்று எழுதிப் பையில் வைத்தேன். இன்னொரு கணக்கும் பார்த்தேன். போடியில் கமிஷன் விற்பவரிடம் பிடிப்போம், அதுவும் கொஞ்சம். அங்கே வாங்குபவன் தலையில் கால் பங்கு ஏற்றுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்கள் லாட் வந்தது. 120, 140, 160 என்று ஏறியது. 200-இல் நான். எதிரில் யாரோ ஒருவர் 210. எங்கே இருக்கிறாரோ, அவரும் என் மாதிரி ஒரு கிழவராக இருக்கலாம்.

"அப்பா, நீங்க எழுதுன வெல முடிஞ்சிருச்சு" என்றாள் மகள்.

ஏலக்காய் என்றால் எழுந்திருப்பேன். இந்த லாட் போனால் அடுத்த லாட், இந்த வாரம் போனால் அடுத்த வாரம் மலையிலிருந்து காய் இறங்கும். இது அப்படி இல்லை. அந்தத் தாள் உலகத்தில் ஒன்றுதான். "போடும்மா" என்றேன். 220. அவர் 230. "போடு." 240. திரை அப்படியே நின்றது. சுத்தியல் விழுந்தது. முப்பத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்த விதியை நாற்பது பவுனுக்கு மீறியிருந்தேன்.

இப்போது பார்சலுக்கு வருகிறேன்.

தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். புத்தகத்தில் தெரியாததெல்லாம் தெரிந்தது. மாயாவியின் தோளில் பென்சில் கோடு ஒன்று அழியாமல் கிடக்கிறது. ஒரு விரலை வெள்ளை பூசி மறைத்து மறுபடி வரைந்திருக்கிறார். ஓரத்தில் மை தோய்ந்த கட்டைவிரல் ரேகை. அந்தக் காலத்தில் வசனத்தைத் தனியாக அச்சடித்து, வெட்டி, பலூன் மேல் ஒட்டுவார்கள். அறுபது வருடத்தில் பசை காய்ந்து மூன்று பலூன்களில் வசனம் உதிர்ந்துவிட்டது. மாயாவி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான்; பலூன் காலி. பசைக் கறை மட்டும் மஞ்சளாக இருக்கிறது.

அந்தக் காலிப் பலூனைப் பார்த்ததும் என்னால் தாளைக் கையில் பிடிக்க முடியவில்லை. மேஜையில் வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டேன். அங்கே வைத்துத்தான் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ள பெரியகுளத்துலதான இருக்கு? போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போனேன். பெயிண்டர் அண்ணனின் பேத்திக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. லண்டன் தாளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். காட்டி, உன் தாத்தாவும் இப்படித்தான் வரைவார், இதே மாதிரி வெள்ளை பூசுவார், இதே மாதிரி பலூனைக் காலியாக விடுவார் என்றேன். அவர் கொடுத்த பக்கத்தை நான் எடைக்குப் போட்டதையும், அவரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப தாத்தா நெசமாவே வரஞ்சாரா?" என்று கேட்டாள்.

இருபது வருடமாக அவளுக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. நான் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

"அதுல என்ன படம் இருந்துச்சு மாமா? ஞாபகம் இருக்கா?" என்றாள். சொன்னேன். "எழுதிக் குடுங்க" என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாராவது பத்திரிகைக்கு வரைந்திருந்தால், அச்சகத்தில் வேலை பார்த்திருந்தால், போகிக்குப் பரணைக் காலி செய்யும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். கெட்டித் தாள், நீலப் பென்சில் குறிப்பு, வெள்ளைப் பூச்சு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வரைந்தவர் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.

இனி அந்தப் பக்கம். மொத்தம் ஆறு கட்டம்.

முதல் கட்டம்: மலை, மேகம், வளைந்து இறங்கும் ஒத்தையடிப் பாதை. கீழே பொட்டு மாதிரி ஒரு பையன். பலூன் இல்லை.

இரண்டாவது: பையன் பக்கத்தில். தலையில் முண்டாசு. பின்னால் புதரில் இரண்டு கண். பலூனில் நான் எழுதியது: "யாரது?"

மூன்றாவது: பையன் திரும்பிப் பார்க்கிறான். மூட்டை வலது தோளில். புதரிலிருந்து ஒரு கை. "நில்லுடா!"

நாலாவது: ஓடுகிறான். மூட்டை இடது தோளில். காலுக்கடியில் கல் உருளுகிறது. பலூனில் ஒன்றும் எழுதவில்லை. ஓடுகிறவன் பேச மாட்டான் என்று நினைத்தேன்.

ஐந்தாவது: மூட்டை அவிழ்ந்து பூண்டு பாதை முழுக்கச் சிதறுகிறது. திருடன் வழுக்கி விழுகிறான். ஒவ்வொரு பூண்டுக்கும் தனித்தனியாக நிழல் போட்டிருந்தார். "ஐயோ!"

ஆறாவது: பையன் குனிந்து பூண்டைப் பொறுக்குகிறான், முகத்தில் சிரிப்பு. அந்தப் பலூனில் என்ன எழுதினேன் என்பது மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பேத்தியிடம் அப்படியே சொன்னேன். அவள் மகளிடம் கேட்டு எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.